70 + 60 = 130? – மதுரையில் பிறந்தவர் போட்ட கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன்குழம்பு சாப்பாடு முடிச்சுட்டு விழிதியூர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். அக்கா பொண்ணு கையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு வந்து நின்றாள். அரசு வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அதற்காக வகுப்புக்கும் போய் வருகிறாள். முகம் நல்லா இல்லை.

"மாமா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். ஒரு கல்லூரியில் 70 சதவீத மாணவர்களுக்குக் காபி பிடிக்கும். 60 சதவீதம் பேருக்கு டீ பிடிக்கும். இரண்டும் பிடித்தவர்கள் எத்தனை சதவீதம்? விடைகள்: 10, 30, 42, 60.

"30தான் விடையாம் மாமா. 70ஐயும் 60ஐயும் கூட்டினா 130, அதுல 100ஐக் கழிச்சா 30. நான் எழுந்து, ரெண்டுமே பிடிக்காதவங்க இருந்தா என்ன சார் பண்றதுன்னு கேட்டேன். அப்படியெல்லாம் யோசிச்சா நேரம் போயிடும், சூத்திரத்தைப் போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போன்னுட்டார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குக் கணக்கே வராதோன்னு இருக்கு. இந்த வருஷம் எழுதலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

அடப்பாவமே! சரியான கேள்வி கேட்ட பிள்ளை, தனக்குக் கணக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்டு உட்கார்ந்திருக்கு. அவள் கேட்ட கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் நிற்கும் ஆள் பிறந்த ஊர் வேறெங்கும் இல்லை, நம்ம மதுரை. அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள். கூட்டல் கழித்தலுக்கு மேல் எதுவும் கிடையாது :-)

முதலில் உளுந்தும் பயறும்

காபி, டீயை விடுங்கள். நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். காவிரியின் கடைமடை. சம்பா அறுப்பு முடிகிற நேரத்தில் ஈரம் காயறதுக்கு முன்னாடி உளுந்தோ பயறோ தெளிப்பார்கள். 100 விவசாயிகள் இருக்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம் (கற்பனை எண்கள்தான், யாரும் வயலில் இறங்கி எண்ண வேண்டாம்). 70 பேர் உளுந்து தெளித்தார்கள். 60 பேர் பயறு தெளித்தார்கள். இரண்டும் தெளித்தவர்கள் எத்தனை பேர்?

உளுந்துக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, பயறுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். மொத்தம் 130 சீட்டு, ஆனால் ஆள் 100 பேர்தான். ஆளுக்கு ஒன்று என்று எல்லார் கையிலும் கொடுத்தால்கூட 30 சீட்டு மிச்சம். அந்த 30ம் ஏற்கெனவே ஒரு சீட்டு வைத்திருப்பவர் கைக்குத்தான் போக வேண்டும். ஆக, இரண்டும் தெளித்தவர்கள் குறைந்தது 30 பேர்.

ஆனால் யாராவது நிலத்தைத் தரிசாகவே போட்டிருந்தால்? 10 பேர் எதுவுமே தெளிக்கவில்லை என்றால் 130 சீட்டும் 90 பேருக்குள் போக வேண்டும். அப்போது இரண்டும் தெளித்தவர்கள் 40. தரிசு போட்டவர்கள் 30 பேர் என்றால், பயறு தெளித்த 60 பேரும் உளுந்தும் தெளித்தவர்களாக இருப்பார்கள். அதாவது 60. அதற்கு மேல் போக முடியாது, ஏனென்றால் பயறுக்காரர்களே அவ்வளவுதான்.

ஆகவே சரியான விடை, 30லிருந்து 60க்குள் எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான். இப்போது புத்தகத்தின் நாலு விடைகளையும் மறுபடி பாருங்கள். 30 நடக்கலாம். 42 நடக்கலாம். 60 நடக்கலாம். நடக்கவே முடியாதது 10 மட்டும்தான்! "ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றாவது பிடிக்கும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் 30 மட்டுமே சரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

42 எங்கிருந்து வந்தது? 70 சதவீதத்தில் 60 சதவீதம் 42. காபி பிடிப்பதற்கும் டீ பிடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றால் அப்படி வரும். அதையும் கேள்வியில் யாரும் சொல்லவில்லை.

மதுரையில் பிறந்தவர்

இந்த "குறைந்தது" என்ற வார்த்தையை எண்ணாக மாற்றித் தர்க்கத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806 ஜூன் 27ல் மதுரையில் பிறந்தார். அப்பா ஜான் டி மார்கன், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிள்ளை பிறந்து இரண்டு வாரத்தில், ஜூலை 10ல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். குழந்தைக்கு ஏழு மாசம் ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. மதுரையின் நினைவு எதுவும் அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. பிறந்த கொஞ்ச நாளிலேயே வலது கண் பார்வை போய்விட்டது. பத்து வயதில் அப்பாவும் போய்விட்டார்.

கேம்பிரிட்ஜில் படித்து, 1827ல் கணிதத் தேர்வில் நாலாவதாக வந்தார். அதற்கு மேல் எம்.ஏ. பட்டமோ அங்கே வேலையோ வேண்டுமென்றால், இங்கிலாந்துத் திருச்சபைக் கொள்கையை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மனசுக்கு ஒப்பாத விஷயத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டார். அப்போதுதான் மதச் சோதனை எதுவும் இல்லாத ஒரு பல்கலைக்கழகம் லண்டனில் தொடங்கியிருந்தது. இன்றைக்கு யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் என்கிறோமே, அது. 1828ல் அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். வயசு 22 கூட ஆகவில்லை.

நம்ம ஊர் பத்தாம் வகுப்புப் பாடத்தில் "டி மார்கன் விதிகள்" என்று படித்திருப்பீர்கள். காரைக்காலில் நாங்கள் படித்த காலத்தில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் என்பதால் எனக்கும் அதே பாடம். அந்த டி மார்கன்தான் இவர். ஆனால் இவர் மதுரையில் பிறந்தவர் என்று வகுப்பில் ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்னு நினைக்கிறேன் :-)

1847ல் 'ஃபார்மல் லாஜிக்' என்ற புத்தகத்தை எழுதினார். அதுவரை தர்க்கத்தில் ஆண்டது அரிஸ்டாட்டில் வழி. அங்கே அளவைச் சொல்ல இருந்தது "எல்லா", "சில" என்ற இரண்டு சொற்கள்தான். "சில விவசாயிகள் உளுந்து தெளித்தார்கள், சில விவசாயிகள் பயறு தெளித்தார்கள்" என்றால் அதிலிருந்து ஒன்றும் பெற முடியாது. இரண்டு கூட்டமும் தனித்தனியாகவே இருக்கலாம். டி மார்கன் கேட்டது இதுதான்: "சில" என்பதற்குப் பதில் "பாதிக்கு மேல்" என்று சொன்னால்? பாதிக்கு மேற்பட்டவர்கள் உளுந்து, பாதிக்கு மேற்பட்டவர்கள் பயறு. இப்போது இரண்டும் தெளித்தவர் ஒருத்தராவது இருந்தே தீர வேண்டும். பழைய தர்க்கத்தின் கட்டங்களுக்குள் அடங்காத, ஆனால் சந்தேகமே இல்லாத முடிவு.

அதை எண்ணாகவே எழுதினார். மொத்தத்தில் இத்தனை பேர் இது, இத்தனை பேர் அது என்று தெரிந்தால், இரண்டையும் கூட்டி மொத்தத்தைக் கழி. வருவது குறைந்தபட்சம். 70 + 60 - 100 = 30. நம்ம பயிற்சிப் புத்தகச் சூத்திரமேதான்! ஆனால் அவர் அதை எழுதியது "குறைந்தது" என்ற சொல்லோடு. அந்தச் சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோய், எண் மட்டும் நம்ம பயிற்சிப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதே 1847ல்தான் ஜார்ஜ் பூல் தன் முதல் தர்க்க நூலையும் வெளியிட்டார். கம்ப்யூட்டரின் ஒன்று-பூஜ்யக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர். 1854ல் வந்த அவருடைய பெரிய நூலில், இந்தக் குறைந்தபட்சம் - அதிகபட்சம் எல்லைகளை எத்தனை கூட்டம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் வழியை ஆராய்ந்தார்.

டி மார்கனின் இந்தியத் தொடர்பு மதுரையோடு முடிந்துவிடவில்லை. டெல்லிக் கல்லூரி ஆசிரியர் மாஸ்டர் ராம்சந்திரா, பெரும மதிப்பு - சிறும மதிப்புக் கணக்குகளை நுண்கணிதம் இல்லாமல், வெறும் இயற்கணிதத்தால் தீர்க்கும் புத்தகம் ஒன்றை 1850ல் கல்கத்தாவில் வெளியிட்டிருந்தார். அது டி மார்கன் கைக்கு வந்தது. அதன் அருமை தெரிந்து, 1859ல் அவரே முன்னுரை எழுதி லண்டனில் மறுபதிப்பு வரச் செய்தார். தலைக்கு மேல் வேலை இருந்த பேராசிரியர், முகம் பார்க்காத ஒரு டெல்லி வாத்தியாருக்காக இதைச் செய்திருக்கிறார். நல்ல கேள்வி எங்கிருந்து வந்தாலும் மதிக்கிற மனுஷன். அந்தக் குணத்தை நினைச்சாலே எனக்கு அந்த வகுப்பறைச் சிரிப்பு ஞாபகம் வருகிறது.

ஆலிஸ் கதைக்காரரின் குரூரக் கணக்கு

டி மார்கன் 1871ல் இறந்தார். இந்தக் கணக்கு தர்க்கப் புத்தகத்திலிருந்து புதிராக மாறி வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு. கொண்டுவந்தவர் லூயிஸ் கரோல். ஆமாம், ஆலிஸ் கதை எழுதியவரேதான். நிஜப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். 1880ல் தொடங்கி 'தி மன்த்லி பாக்கெட்' என்ற பத்திரிகையில் கதையும் கணக்குமாக ஒரு தொடர் எழுதினார். வாசகர்கள் விடை அனுப்புவார்கள், இவர் திருத்தித் தரம் பிரித்து வெளியிடுவார். அது 1885ல் 'எ டாங்கில்டு டேல்' என்ற புத்தகமாக வந்தது.

அதில் ஒரு கணக்கு: செல்சீயில் இருந்த போரில் காயம்பட்ட சிப்பாய்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணை இழந்தவர்கள். 75 சதவீதம் பேர் ஒரு காதை. 80 சதவீதம் பேர் ஒரு கையை. 85 சதவீதம் பேர் ஒரு காலை. நாலையும் இழந்தவர்கள் குறைந்தது எத்தனை சதவீதம்?

கேள்வியைக் கவனியுங்கள். "குறைந்தது" என்று சேர்த்தே கேட்டிருக்கிறார். விடை நம்ம சீட்டு முறைதான். 70 + 75 + 80 + 85 = 310. 100 பேருக்கு ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்தால் 300 தீர்ந்தது. மிச்சம் 10. ஆக, குறைந்தது 10 சதவீதம்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். கண் நல்லா இருக்கிறவர்கள் 30. காது 25. கை 20. கால் 15. கூட்டினால் 90. "நாலும் போனவர் அல்ல" என்றால் என்ன அர்த்தம்? நாலில் ஏதாவது ஒன்றாவது நல்லா இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் அதிகபட்சம் 90 பேர். அப்போ மீதி 10.

இந்த இரண்டாவது வழியில் நாம் சத்தமில்லாமல் பயன்படுத்தியது டி மார்கன் விதியைத்தான். "இதுவும் அதுவும்" என்பதன் மறுப்பு "இது இல்லை அல்லது அது இல்லை". வார்த்தையாக இந்த விதி 14ம் நூற்றாண்டு ஒக்காம் வில்லியமுக்கே தெரியும். குறியீடாக எழுதிப் பயன்படும்படி செய்தது டி மார்கன். பத்தாம் வகுப்பில் வெறுமே மனப்பாடம் பண்ணின அந்த ரெண்டு வரி எதுக்கு ஆகும்னு எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆச்சு.

வட்டங்கள் வந்த கதை

இன்றைக்கு இந்த மாதிரிக் கணக்கு என்றதும் எல்லாரும் இரண்டு வட்டம் போடுகிறோம். அதற்கு வென்படம் என்று பெயர். கேம்பிரிட்ஜ்காரர் ஜான் வென் 1880ல் ஒரு கட்டுரையில் அதை விளக்கினார். அவருக்கு முன்பே சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர், ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் தர்க்கத்தை விளக்க வட்டங்களைப் பயன்படுத்தியிருந்தார். அந்தக் கடிதங்கள் 1768ல் புத்தகமாக வரத் தொடங்கின.

ஆய்லர், தனக்குத் தெரிந்த உறவை மட்டும் வரைவார். ஒன்றுக்குள் ஒன்று, அல்லது தனித்தனி. வென் முதலில் எல்லாச் சாத்தியங்களுக்கும் இடம் விட்டு வரைந்தார். எது காலி என்று தெரிகிறதோ அதற்குப் பிறகு நிழல் போட்டார். தெரியாததற்கும் ஒரு இடம் ஒதுக்கி வைப்பதுதான் வென்படத்தின் உயிர். வட்டங்களுக்கு வெளியே இருக்கும் பகுதியும் அதில் சேர்த்தி. அக்கா பொண்ணு எழுந்து நின்று கேட்டது அந்த வெளிப்பகுதியைப் பற்றித்தான்.

தேர்வு எழுதறவங்களுக்கு நாலு கட்டம்

இரண்டு கூட்டம் என்றால் நான் வட்டம் போடச் சொல்வதில்லை. நாலு கட்டம் போடுங்கள்: இரண்டும் உண்டு, உளுந்து மட்டும், பயறு மட்டும், இரண்டும் இல்லை. நாலும் சேர்ந்து 100. கேள்வியில் 70, 60 என்று இரண்டு தகவல்தான் வந்திருக்கிறது. நாலு கட்டத்தையும் நிரப்ப மொத்தத்தோடு இன்னும் மூன்று தகவல் வேண்டும். மூன்றாவது வரவில்லை என்றால் விடை ஒற்றை எண் கிடையாது, ஒரு எல்லைதான். வங்கித் தேர்விலும் ஜிமேட்டிலும் "கொடுத்த தகவல் போதுமா?" என்றே ஒரு வகைக் கேள்வி உண்டு. அங்கே இந்த எண்ணிப்பார்க்கும் பழக்கம்தான் மார்க்.

மூன்று கூட்டம் வந்தால் சீட்டு முறைக்குத் திரும்புங்கள். 100 பேரும் மூன்று பத்திரிகையில் ஒன்றாவது படிக்கிறார்கள். 60, 50, 40 சதவீதம். மூன்றும் படிப்பவர்கள் 5. சரியாக இரண்டு படிப்பவர்கள் எத்தனை? மொத்தச் சீட்டு 150. ஆளுக்கு ஒன்று போக மிச்சம் 50. மூன்று படிக்கிற 5 பேர் ஆளுக்கு இரண்டு கூடுதல் சீட்டு எடுத்திருப்பார்கள், அது 10. மீதி 40 சீட்டு, ஆளுக்கு ஒன்றாக 40 பேரிடம். அவர்கள்தான் சரியாக இரண்டு படிப்பவர்கள். ஒன்று மட்டும் படிப்பவர்கள் 55. கூட்டிப் பாருங்கள், 55 + 40 + 5 = 100. பெரிய சூத்திரமே தேவைப்படவில்லை.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிற இடம்: "முதலாவதும் இரண்டாவதும் படிப்பவர்கள்" என்று கேள்வியில் சொன்னால், மூன்றும் படிப்பவர்களும் அதற்குள் அடக்கம். "அந்த இரண்டு மட்டும்" என்று சொன்னால் அடக்கம் இல்லை. ஒரு "மட்டும்" போனால் ஒரு மார்க் போச்சு.

கூட்டுவதற்கு முன்னாடி

கடைசியா இரண்டு விஷயம். முதலாவது, இரண்டு சதவீதமும் ஒரே மொத்தத்தின் மேல் எடுத்ததா என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் எழுத்தறிவு கிட்டத்தட்ட 87 சதவீதம். பெண்கள் ஆண்களைவிட அதிகம், பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் கூட்டி 100ஐக் கழித்து "எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் குறைந்தது இத்தனை சதவீதம்" என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துப் போடுவது. பெண்களின் பங்கு கைக்குழந்தை உட்பட எல்லாரையும் வைத்துப் போட்டது. அடி வேற, கூட்டல் செல்லாது.

இரண்டாவது, ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியுமா என்று பாருங்கள். 1954 அக்டோபர் 18ல் கீழூரில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம்ம பகுதி இந்தியாவோடு சேருவதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். கூட்டினால் 178, வாக்களித்தவர்கள் மொத்தமும் அவ்வளவுதான். அங்கே மிச்சச் சீட்டு கிடையாது, ஒருத்தர் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். காபியும் டீயும் அப்படி இல்லை. நானே காலையில் காபி, சாயங்காலம் டீ.

டி மார்கன் கடைசிவரை அதே ஆளாகத்தான் இருந்தார். 1866ல் ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவருக்கு அவருடைய மதக் கருத்து காரணமாக அந்தக் கல்லூரியில் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது. மதச் சோதனை இல்லாத இடம் என்றுதானே வந்தோம் என்று, அத்தனை வருஷ வேலையை உதறிவிட்டு வெளியேறினார். சொல்லாத ஒரு நிபந்தனையைப் பின்வாசல் வழியாக நுழைப்பதை அவர் கணக்கிலும் ஒத்துக்கொள்ளவில்லை, வாழ்க்கையிலும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அவள் நோட்டில் நாலு கட்டம் போட்டு, 30, 42, 60 மூன்றுக்கும் தனித்தனியாக நிரப்பிப் பார்த்தாள். மூன்றும் சரியாக 100 வந்தது.

"அப்ப பரீட்சையில இப்படிக் கேட்டா எதைப் போடறது மாமா?"

"30ஐப் போடு. கேட்டவர் மறந்த வரியை நீ மனசுக்குள்ள சேர்த்துக்கோ. ஆனா மறந்தது அவர்தான், நீ இல்லை. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கணும், நாளைக்குக் காரைக்கால் வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடறீங்களா மாமா?" என்றாள்.

விட்டுட்டு வந்தேன்.